வீடு விற்றலில் வாய்மை

இல்லறத்துக்கு நிலைக்களமாய் அமைவது வீடு. நிலையம் எடுத்து, நாள் பார்த்துக் கால்கோள் செய்து, குடிபுகும் நாளில் பால் காய்ச்சிப் பொங்குதல் சைவ மக்களின் வழக்கம். ஒரு வீட்டைக் கட்டுவதற்கு இத்தனை விதிகள் உண்டு. அதனை விற்பதற்கு உரிய அறம் யாது என்று கேட்பார் குறைவு. யாழ்ப்பாணக் கிராமங்களில் இக்கேள்விக்கு இப்போது தேவை ஏற்பட்டிருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, பெற்றோர் காலமான பின் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றாய் விலைக்கு வருகின்றன.

விலைக்கு விடுமுன் வீட்டை ஒழுங்கு செய்வது இயல்பு. பற்றை வெட்டி, முற்றம் கூட்டி, மதிலுக்கு வெள்ளையடித்து, கதவு யன்னல்களுக்குப் பெயின்ற் பூசுவார்கள். இதிற் குற்றமில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன் கோயிலுக்கும் வர்ணம் தீட்டப்படுகின்றதே! ஆனால் திருப்பணியில் ஓர் ஒழுங்கு உண்டு. வெடித்த இடத்தை உடைத்துப் பூசி, ஒழுக்கை அடைத்த பின்னரே வர்ணம் தீட்டுபவர் சாரத்தில் ஏறுவார். வீட்டு விற்பனையிலோ வெடிப்பு வெடிப்பாகவே இருக்க, அதன்மேல் பெயின்ற் ஏறிவிடுகிறது. கறையான் அரித்த வளையைச் சீலிங் மறைக்கின்றது. யுத்த காலத்தில் செல் விழுந்து பிளந்த சுவர், ஒரு பூச்சுடன் புதுச்சுவர் ஆகிவிடுகின்றது.

எல்லாவற்றிலும் நுட்பமானது கிணற்றின் கதை. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மாரி மழை அக்கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராய்த் தங்குகின்றது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அந்த நன்னீர்ப்படை மெலிந்து, உவர் மேலெழும். அதனால் கடலை அண்டிய பல ஊர்களில் தை மாதத்தில் இனிக்கும் கிணறு ஆடி ஆவணியில் சவர்க்கும். இதனை அறிந்த உரிமையாளர் தை மாதத்தில் வீட்டைக் காட்டுகின்றார். ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்க்கச் சொல்கின்றார். அவர் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. வாங்குபவரின் நாக்கே சாட்சி சொல்லிவிட்டது. கைத்தொலைபேசியில் படம் பார்த்து வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கோ அந்த நாக்கின் சாட்சியும் இல்லை. தண்ணீரின் தெளிவு படத்தில் தெரியும்; சுவை தெரியாது. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாய் எழுந்த பின்பு, வாங்குவோர் கிணற்றைப் பற்றிச் சற்றுக் கூடுதலாக விசாரிக்கின்றனர். அது நல்லதே.

பொய் சொல்லாமல் மௌனமாய் இருப்பது குற்றமாகுமா? இக்கேள்வி மிகப் பழையது. உரோம நாட்டு அறிஞர் சிசரோ கி.மு. 44இல் தம் மகனுக்கென எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதனை விரிவாய் ஆராய்கின்றார். ஒருவர் வீடு விற்கின்றார். அறைகள் தோறும் பாம்பு வரும்; மரங்கள் உளுத்தவை; இவை விற்பவர் ஒருவருக்கே தெரியும். டயோஜெனிஸ் என்ற தத்துவஞானி, விற்பவர் எவரையும் கட்டாயப்படுத்தவில்லையே, தன் பொருளின் குறையைத் தானே கூவி விற்பவன் உலகில் உண்டோ என்று வாதிப்பதாகவும், அவர் மாணாக்கர் அந்திப்பாத்தர், அறிந்தே ஒருவரைத் தவறான வழியில் போகவிடுதல் வழி தவறியவனுக்கு வழி காட்டாமையிலும் கொடியது என்று மறுப்பதாகவும் சிசரோ காட்டுகின்றார். தாம் அந்திப்பாத்தர் பக்கமே நிற்கின்றார்.

அதே நூலில் வேடிக்கையான கதை ஒன்றும் வருகின்றது. சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் கனியஸ் என்பவர் கடற்கரைத் தோட்டம் ஒன்று வாங்க விரும்பினார். பித்தியஸ் என்ற வட்டிக்காரர் அவரை விருந்துக்கு அழைத்து, தம் தோட்டத்தின் முன் மறுநாள் வந்து மீன் பிடிக்கும்படி மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார். விருந்து நேரத்தில் கடல் நிறையப் படகுகள். பிடித்த மீன்களெல்லாம் பித்தியஸின் காலடியில். மயங்கிய கனியஸ் கேட்ட விலை கொடுத்து வாங்கினார். அடுத்த நாள் ஒரு படகும் இல்லை. "மீனவருக்கு இன்று விடுமுறையோ?" என்று அயலவரைக் கேட்டார். அங்கே ஒருவரும் மீன் பிடிப்பதில்லை, நேற்று வந்ததுதான் தமக்கும் வியப்பு என்றாராம் அயலவர்.

திருவள்ளுவர் வாணிகத்தின் அறத்தை வாய்மை அதிகாரத்தில் வைக்கவில்லை; நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார் என்பது சிந்தனைக்குரியது. பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே அவர் காணும் வாணிகம். தராசின் ஒரு தட்டை மறைத்து வைத்தவன் பொய் சொல்லவில்லை எனலாம். நடுவு நின்றான் எனலாகாது.

சட்டம் ஓரளவுக்கு உதவும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் உறுதியாக எழுதப்படல் வேண்டும். தேசவழமையின் கீழ் வரும் காணியாயின், 1947ஆம் ஆண்டுச் சட்டம் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை தருகின்றது. அதனை மறைத்து அந்நியருக்கு விற்ற காணிகள் வழக்கில் இழுபட்டதுண்டு. உறுதியில் நான்கெல்லை, வழி வாய்க்கால், கிணற்றுப் பங்கு எல்லாம் வரும். கிணறு ஆடியில் சவர்க்கும் என்று எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் விற்பவர் ஒருவரே.

குறையைச் சொன்னால் விலை விழும் என்பது உண்மை. மகளின் சீதனத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ விற்பவருக்கு ஓர் இலட்சமும் பெரிது. தரகரும் வாயைத் திறக்க விடமாட்டார். ஆயினும் அந்த ஓர் இலட்சம் வானத்திலிருந்து விழுவதில்லை. கூரையைப் பிரித்து மீண்டும் வேயும் இன்னொரு குடும்பத்தின் கையிலிருந்து போகின்றது. அக்குடும்பமும் பெரும்பாலும் அதே கோயிலுக்கு வந்து அதே வீதியில் தேர் இழுக்கும் குடும்பந்தான். உறுதியில் விலையைக் குறைத்து எழுதும்படி நெருக்கும் வாங்குநரும் இவ்விடத்தில் தம்மை எண்ணிப் பார்த்தல் தகும்.

எளிதில் தீராத ஒரு கேள்வி உண்டு. செல் விழுந்தோ வேறு விதமாகவோ அகாலமாய் ஒருவர் இறந்த வீடு ஆயின், அதனையும் சொல்ல வேண்டுமா? வெடிப்பும் சவரும் குடியிருப்பவருக்குத் தீங்கு செய்வன. சாவு வீட்டின் குறையாகாது. அதனைக் குறையென எண்ணினால், யுத்தம் கண்ட ஊர்களில் குறையில்லாத வீடுகள் சிலவே எஞ்சும். ஆதலால் தாமாக முன்வந்து சொல்ல வேண்டிய கடன் விற்பவருக்கு இல்லை எனலாம். வாங்குபவர் நேரே கேட்டால் மறைத்தல் தகாது. இறந்தவரின் தாயார் ஆட்டைத் திவசத்தன்று அந்த முற்றத்தில் வந்து விளக்கேற்றும் வழக்கம் இருப்பின், உறுதி எழுதுமுன்னரே வாங்குபவரிடம் அதைச் சொல்லி, அந்த அம்மா தொடர்ந்து வந்து போவதற்குச் சம்மதம் கேட்டு வைக்க வேண்டும்.