பேசாதவர் சம்மதித்தவரா?



வியாபாரம் கூடுவதற்கு இரு தரப்பாரின் மனப்பொருத்தமும் வேண்டும் என்பது சூரத்துன்னிஸாவின் 29-ஆம் வசனத்திலிருந்து பெறப்படும் சட்டமாகும். ஆனால் மனப்பொருத்தம் என்பது உள்ளத்தினுள் இருப்பது. வாங்குகிறவரின் நெஞ்சைத் திறந்து பார்க்க விற்கிறவரால் இயலாது. ஆதலின், உள்ளே இருப்பதற்கு வெளியே ஓர் அடையாளம் வேண்டுமென்று பிக்ஹுடைய இமாம்கள் கூறினார்கள். ‘விற்றேன்’, ‘வாங்கிக்கொண்டேன்’ என்னும் ஈஜாப் கபூல் அந்த அடையாளமே. ஷாபிஈ மத்ஹபில் வாய்மொழியையே வற்புறுத்தியவர்கள் அநேகர். இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, மக்கள் வழக்கில் எது விற்பனை என்று கொள்ளப்படுகிறதோ அது போதும் என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டார்கள். காசை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கடையை விட்டு இறங்குகிறோமே, அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இதுவே ஆதாரம்.

இன்றைய தினம் அந்த அடையாளம் ஒரு விரலின் தொடுகையாகச் சுருங்கிவிட்டது. செல்போன் திரையில் ஒரு கட்டத்தைத் தொடுகிறோம். ஈஜாபும் கபூலும் முடிந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அது மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா, பச்சையாகத் துலங்க வேண்டுமா சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்க வேண்டுமா என்பதெல்லாம் அவர் கையால் தீர்மானமாகிறது. வெப் டிசைனர் என்று அவரைச் சொல்கிறார்கள். நம் மஹல்லாப் பிள்ளைகளில் பலர் இத்தொழிலுக்குப் போகிறார்கள். அவர்களுடைய பெற்றோர், ‘கம்ப்யூட்டர் வேலை’ என்பதற்கு மேல் ஒன்றும் அறியமாட்டார்கள்.

மண்ணடியில் நான் அறிந்த ஓர் இளைஞர் இவ்வேலையில் இருக்கிறார். காயல்பட்டினத்துக்காரர். மனைவி மக்களுடன் ஒரு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார். இஷாவுக்குப் பிறகு பள்ளித் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். ஊரில் யார் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து உம்மா யாரென்று விசாரிப்பதையும், இங்கே எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இரண்டு வருஷம் கழிந்துவிட்டதையும் சொல்லுவார். தம் சிறு மகள் படப் புத்தகத்தின் தாளைப் புரட்டாமல், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்ததைச் சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் அவர் சொன்னது என் நெஞ்சில் தங்கிவிட்டது.

“ஆலிம்ஷா, பர்மா பஜார்ல ஏமாத்துறவனுக்கு எதிர்ல நிக்கிற ஆளோட முகம் தெரியும். கொஞ்சம் இரக்கமாச்சும் வரும். என் வேலைல யார் முகமும் தெரியாது. எண்ணிக்கைதான் தெரியும்.”

அதென்ன எண்ணிக்கை என்று கேட்டேன். விளக்கினார். ஒரே பக்கத்தை இரண்டு விதமாக வரைவார்களாம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றையும், மீதிப் பேருக்கு மற்றொன்றையும் காட்டுவார்களாம். எதில் அதிகப் பேர் காசு கட்டுகிறார்களோ அது நிலைக்கும், மற்றது போகும். வாங்கியவர் விளங்கி வாங்கினாரா, விளங்காமல் வாங்கினாரா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தராசு நேராக இருக்கிறதா என்று பார்க்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி கடைத்தெருவில் உலாவிய காலத்தை நாம் ஓதியிருக்கிறோம். இங்கே தராசு, எந்தப் பக்கம் சாய்ந்தால் லாபம் என்று தானே கற்றுக்கொள்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்த அவருடைய உம்மா, பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சென்னை வருவதற்காக, முதன்முறையாகத் தாமே செல்போனில் பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். மகனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, “டிக்கெட் விலைதான் கூடிப்போச்சு வாப்பா” என்றார்களாம். வந்தபின் மகன் வாங்கிப் பார்த்தால் விலை ஒன்றும் கூடவில்லை. பிரயாண இன்ஷூரன்ஸ் என்று ஒரு தொகையும், தருமம் என்று ஒரு சிறு தொகையும் சேர்ந்திருந்தன. இரண்டு கட்டங்களிலும் முன்கூட்டியே டிக் போடப்பட்டிருந்தது. (நிய்யத்தே இல்லாத ஸதகா! கொடுத்தவருக்கே தெரியாமல் போன தருமம்!) அந்தப் பக்கத்தை வரைந்தவர் இவரல்லர். ஆனால் அதே மாதிரியான கட்டத்தை வேறொரு கம்பெனிக்கு இவர் வரைந்து கொடுத்திருந்தார்.

“நான் ஒரு பொய்யும் எழுதலையே, ஆலிம்ஷா. கட்டம் கண்ணுக்குத் தெரியத்தானே இருக்கு? வேணாம்னா எடுத்துடலாம். எடுக்கலைன்னா சம்மதம்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது.

பேசாமல் இருப்பவர் மீது பேச்சைச் சுமத்துவதில்லை என்பது ஷாபிஈ இமாம் (ரஹ்) அவர்களிடமிருந்து வந்த ஒரு சட்ட அடிப்படை. ஆயினும் மௌனமே சம்மதமாகும் இடம் ஒன்று இருப்பதை நம் வீட்டுப் பெண்களும் அறிவார்கள். கன்னிப் பெண்ணிடம் நிகாஹுக்கு அனுமதி கேட்கும்போது அவள் வாய் திறவாதிருப்பதே அனுமதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அப்படியானால் திரையின் முன்னால் ஒருவர் வாளாவிருப்பதை ஏன் சம்மதமாகக் கொள்ளக் கூடாது?

அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுகிறது. இன்னாரை இன்ன மஹருக்கு நிகாஹ் செய்து தரலாமா என்று சொல்லி, அவள் காதில் விழுந்த பின்பு அவள் காக்கும் மௌனமே பதில். கேள்வி இருந்ததனால் மௌனம் விடையாயிற்று. முன்பே டிக் போட்ட கட்டத்திலோ கேள்வியே இல்லை. விடையை மட்டும் எழுதி வைத்துவிட்டு, அடிக்கவில்லையே என்று கேட்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2019 அக்டோபர் 1-இல் ஒரு வழக்கில், முன்கூட்டியே டிக் இடப்பட்ட கட்டம் சம்மதமாகாது என்றே தீர்ப்புரைத்தது. அது பணம் பறித்த வழக்கன்று. பார்வையிடுகிறவரின் கருவியில் தகவல் குறிப்புகளைப் பதித்து வைப்பது பற்றியது. சம்மதத்தைப் பற்றிய நியாயம் இரண்டுக்கும் ஒன்றே.

பொய் எழுதவில்லை என்ற வாதத்துக்கு வருவோம். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, மடி பெருத்துத் தோன்றச் செய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்குப் பிராணியை வைத்துக்கொள்ளவோ, கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கவோ உரிமை உண்டு என்றும், அதற்கு மூன்று நாள் தவணை என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. திருப்பிக் கொடுக்கும் சட்டத்தில் ஹனபி மத்ஹபின் கருத்து வேறு. செயல் பாவம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அந்த விற்பனையில் ஒரு பொய்யாவது பேசப்பட்டதா? ஆடு உண்மை, மடி உண்மை, மடியில் பாலும் உண்மை. கண்ணுக்குத் தெரியும்படி அமைத்த அமைப்பு மட்டுமே ஏமாற்றிற்று. இதைச் சொன்னபோது அந்த இளைஞர், “இது எங்க தொழில்ல உள்ள பாடமா இருக்கே” என்றார்.

உணவுத் தானியக் குவியலின் ஹதீது இதைவிட நெருக்கமானது. குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். நனைந்ததை விற்காதே என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எதை மேலே வைப்பது, எதை அடியில் வைப்பது என்பதைத்தான் திருத்தினார்கள். பக்கம் வரைகிறவரின் வேலை முழுவதும் அதுதானே?

இதனால், அழகாக வரைவதே கூடாது என்று எவரும் எண்ண வேண்டாம். கடையைப் பெருக்கி விளக்கேற்றி வைப்பது ஆகுமானதே. ‘இன்னும் இரண்டே இடம் பாக்கி’ என்று எழுதுவதும், அது மெய்யாக இருக்குமானால் உபகாரமான செய்தி. மெய்யில்லாவிட்டால், வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுகிறவனின் வேலைக்கு, அதாவது தடுக்கப்பட்ட நஜ்ஷுக்கு, அது உடன்பிறப்பு. சந்தாவில் சேர ஒரே தொடுகையும், விலக ஏழு கதவுகளும் வைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிவிட்டு வருந்துகிறவரை விடுவிப்பவருடைய தவறுகளை அல்லாஹ் பொறுத்தருளுவான் என்னும் நன்மாராயத்தை நம் வியாபாரிகள் அறிவார்கள். முடிவே வராமல் கீழே கீழே ஓடும் பக்கம் தனியாக எழுத வேண்டிய விஷயம். 2006-இல் அதை அமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருந்திப் பேசினார்.

“முதலாளி சொன்னதை வரைஞ்சேன்” என்பது அவருடைய அடுத்த சமாதானம். வட்டியைப் பற்றிய ஹதீதில், வாங்குகிறவரோடும் கொடுக்கிறவரோடும் அதை எழுதுகிறவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். இது வட்டியன்று, அந்த ஹதீதை அப்படியே இங்கே பொருத்திவிட மாட்டேன். ஆனால் எழுதுகோல் பிடித்தவர், தாம் வெறும் எழுத்தர் என்று ஒதுங்கிவிட முடியாது என்பது விளங்குகிறது. அதே சமயம், வேலையை உதறிவிடு என்று திண்ணையிலிருந்து சொல்வது மிகச் சுலபம். அவருக்கு வாடகை இருக்கிறது. தங்கைக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடிக்கும் ஊர் வழக்கம் இருக்கிறது (அவ்வழக்கத்தைப் பற்றி வேறொரு மாதம் எழுதுவேன்). அவருடைய வேலையில் பெரும்பகுதி ஆகுமானதே. சம்பளம் முழுவதையும் ஹராம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். இன்ன கட்டத்தை வரையமாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு அவருக்குச் சக்தி உண்டு. அந்தச் சக்தியின் அளவுக்கு அவரிடம் கேள்வி உண்டு.

இதில் அவருக்குச் சர்க்காரின் துணையும் கிடைத்தது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30-இல் இத்தகைய திரைத் தந்திரங்களில் 13 வகைகளைக் குறிப்பிட்டுத் தடை விதிகளை வெளியிட்டது. கேளாமலே கூடையில் பொருளைச் சேர்ப்பதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், விலக முடியாத சந்தாவும் அவற்றில் உண்டு. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் மேலதிகாரியிடம் கொடுத்தார். ஹதீதுக்கு அசையாதவர் அபராதத்துக்கு அசைந்தார். கட்டங்களிலிருந்து டிக் எடுக்கப்பட்டது. எண்ணிக்கை இறங்கியது. அடுத்த மாதக் கூட்டத்தில் இவருக்குக் கொஞ்சம் முகச்சுளிப்பும் கிடைத்தது.

இப்போது அவர் கேட்பது, அதற்கு முன்னால் போன காசைப் பற்றி. அடியார்களின் ஹக்கு தவ்பாவினால் மட்டும் தீராது. உரியவரிடம் சேர்க்க வேண்டும். உரியவர் இன்னார் என்று தெரியாமற்போனால் அவர் சார்பில் தருமம் செய்துவிடலாம் என்று பிக்ஹு நூல்களில் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. சந்தையில் நூறு பேருக்கு எடை குறைத்து விற்றவர், கலைந்து போன அந்த நூறு பேரை எங்கே தேடுவார்? அவருக்காக ஏற்பட்ட வழி அது. இங்கே நிலைமை அதுவன்று. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு கட்டினார் என்பது அந்தக் கம்பெனியின் கணக்கில் ஒவ்வொரு பெயராகப் பதிந்திருக்கிறது. பணம் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பவும் முடியும். ஆகவே, உரியவர் தெரியவில்லை என்னும் சலுகை முதலாளிக்குக் கிடையாது. தம் கைக்கு வராத அந்தப் பணத்தைத் திருப்பும் பொறுப்பு இந்த இளைஞர் மீதில்லை. அது இன்ன இன்னாருக்குரியது என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு உண்டு என்று சொன்னேன். எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.