சான்று நமக்கும் வேண்டும்

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருநாள் வகுப்பிலே, சோதிடம் பொய்த்துப்போன கதையொன்றைச் சுவைபடச் சொன்னேன். "ஐயா, அதை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டான் ஒரு மாணவன். பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டது. என் கொள்கைக்கு இனித்தது, உண்மையென்று ஏற்றேன். நாணினேன்.

நல்ல நோக்கத்திற்குச் சான்றில்லாததைச் சொன்னால் தவறா? தோழர்களே, வானத்தைக் கேட்போம்.

ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்பது 1.7 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன். அவற்றுள் ஒன்று துடிப்பு விண்மீன், 1.24 நொடிக்கொருமுறை சுழன்று எக்ஸ் கதிரை வீசுவது. அதனினும் பன்மடங்கு ஆற்றல்மிக்க காமாக் கதிரையும் அது வீசுகிறதா?

காமாக் கதிர் தரையைத் தொடுவதில்லை. காற்று மண்டலத்தில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அம்மழை, கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகமிகக் குறுகிய நீலஒளியைச் சிந்தும். அவ்வொளியைப் பிடிக்க, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் நமது உதகமண்டலத்திலே, நிலவற்ற இரவுகளில் கண்ணாடிகளை நிறுத்திக் காத்திருந்தனர். பின்னர் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியிலும் காத்திருந்தனர். தொல்லை என்னவெனில், காஸ்மிக் துகள்களும் அதே ஒளியைச் சிந்துகின்றன. பதர் மலையளவு, மணியோ கைப்பிடியும் இல்லை!

1980களில் பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள், ஹெர்குலிசிலிருந்து காமாக் கதிர் வந்ததென அறிவித்தனர். பச்மடியில் 1986இல் பதிவான திடீர்ப் பெருக்கும் அவற்றுள் ஒன்று. பிறகு, ஒளியின் வடிவத்தையே படமெடுத்துப் பதரைப் புடைக்கும் முறை வந்தது. அம்முறையால் 1989இல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி, நண்டு நெபுலாவின் காமாக் கதிரை ஐயமறக் காட்டிற்று. ஹெர்குலிசிலோ எதையும் காணவில்லை. காணாததையும் மறைக்காமல் அச்சிட்டனர்.

2004இல் நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் வேறோர் இணையில் அக்கதிரைக் கண்டன. பெரிய விண்மீனொன்றை 3.4 ஆண்டுக்கொருமுறை சுற்றும் துடிப்பு விண்மீன் அது. ஆசை காட்டிய இடத்தில் அகப்படாதது, ஆய்வு காட்டிய இடத்தில் அகப்பட்டது. லடாக்கின் ஹான்லேயில் 2024இல் திறக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கியும் இந்தத் தேடலின் தொடர்ச்சியே.

இல்லையென்று சொல்லத் துணிந்தவர்கள் சொன்னதால் அன்றோ, உண்டு என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது? குறிசொல்பவனிடம் சான்று கேட்கும் நாம், நமக்கு இனிக்கும் செய்தியிடம் கேட்காது விட்டால், அவனுக்கும் நமக்கும் வேறுபாடு ஏது? அவன் ஒன்றை நம்புகிறான், நாம் மற்றொன்றை நம்புகிறோம், அவ்வளவே!

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "நேற்றுச் சொன்ன கதைக்கு என்னிடம் சான்றில்லை. கேட்ட தம்பிக்கு நன்றி."