இரு சொற்கள், பல பொருள்கள்

ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்றொரு சொல் உண்டு. ‘ஃபேர்’ என்று மற்றொன்று உண்டு. தொடக்கப்பள்ளி மாணாக்கனும் அறிந்த எளிய சொற்கள்தாம். எனினும், அவற்றைத் தமிழாக்க முற்படும்போதுதான் அவற்றுள் எத்தனை பொருள்கள் குடியிருக்கின்றன என்பது புலனாகும்.

‘ரைட்’ என்பது வலப்புறத்தைச் சுட்டும். விடை சரி என்பதைக் காட்டும். அறத்திற்கு ஒத்த செயலைக் குறிக்கும். ஒருவருக்குள்ள உரிமைக்கும் அதுவே பெயர். நேரானது என்பதே அதன் பழம்பொருள். நம் ‘நேர்மை’யும் ‘நேர்’ என்பதிலிருந்து பிறந்ததே. ஆயினும், உரிமையையும் நேர்மையையும் நாம் ஒரே சொல்லில் கட்டவில்லை. இதனை நம் மொழியின் நற்பேறு என்பேன்.

ஏனெனில், ஒரு பொருளின் நற்பெயரை மற்றொரு பொருள் ஓசையின்றிக் கடன் வாங்கிக்கொள்ளும். மூன்று திங்கள் வாடகை நிலுவை வைத்த குடும்பத்தை ஒப்பந்தப்படி வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு எனக் கொள்வோம். குடும்பத்தலைவர் மருத்துவமனையில் கிடக்கிறார்; மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த வாரமே அவர்களைத் தெருவில் நிறுத்துவது சரியா? “அஃது என் ரைட்” என்று வீட்டுக்காரர் கூறும்போது, கேளாத வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டதுபோல் தோன்றுகிறது. உரிமை, பிறர் தம்மைத் தடுக்கலாகாது என்று மட்டுமே கூறும். செய்யத்தான் வேண்டுமா என்பதைக் கூறாது. ஆங்கிலம் ஓரெழுத்துச் சொல்லொன்றை முன்னே வைத்து உரிமையைப் பிரித்துக் காட்டுகிறது என்பது உண்மையே. பூசலின் நடுவே அவ்வோரெழுத்து யார் செவியில் விழும்?

‘ஃபேர்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அழகு என்று பொருள். பின்னர் வெளிர்நிற மேனியையும் நடுவுநிலைமையையும் அது குறிக்கலாயிற்று. மதிப்பெண் அட்டையிலோ ‘சுமார்’ என்று இறங்கிவிடுகிறது! (சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ இலத்தீன் வழிவந்த வேறு சொல்.) இங்கே நிறம், நியாயத்தின் நற்பெயரைக் கடன் வாங்குகிறது.

ஆங்கிலேயரைக் குறைகூற நமக்கு வாயில்லை. நம் ‘செம்மை’யும் சிவப்பையும் நேர்மையையும் ஒருங்கே தாங்குகிறது, வெளுத்த மேனியைச் ‘சிவப்பு’ என்றுதானே மணமகள் தேடுவோர் கேட்கின்றனர்? 2020ஆம் ஆண்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு, ‘க்ளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பூச்சு இன்னும் விலைபோகிறது. பள்ளி நாடகத்திற்கு அரசி வேடம் தெரிவு செய்யும்போது, எவரும் சொல்லாமலே கறுத்த சிறுமி தோழியர் வரிசையில் போய் நின்றுகொள்வதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர்.