பூட்டியவர் கடமை

புதியது வரப் பழையது விலகுதல் உலக இயற்கை. அதற்காக நாம் வருந்துவதில்லை. ஆயினும், விலகும் பழையதை நம்பி வாழ்வோர்க்கு, அதனைப் படைத்தவர் எதுவரை கடமைப்பட்டவர் என்னும் வினா எழாமல் இல்லை. கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் நாம் செய்யும் வேலைகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அதன் வாரிசாகிய விஸ்டா 2007 ஜனவரியில் பொதுமக்களிடம் வந்தது. அன்றோடு எக்ஸ்பி மறைந்துவிடவில்லை; பலர் பழையதையே விரும்பி வைத்துக்கொண்டனர். 2009 ஏப்ரலில் பொதுவான ஆதரவு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடர்ந்தன. 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு அவையும் நின்றன. ஆகவே, ஓர் இயங்குதளத்தின் முடிவு புதியது பிறக்கும் நாளில் இல்லை. பேணுவோர் கைவிடும் நாளிலேயே இருக்கிறது.

கைவிட்ட பின்னரும் பொறி ஓடும். பழுது வெளியே தெரியாது. ஆனால் புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இரார். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் பணி தடைப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வழங்கிற்று. நாட்காட்டியில் முடிந்த கடமை உலகில் முடியவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம் நாட்டிலும், ஆதரவிழந்த இயங்குதளங்களில் ஓடிய ஏ.டி.எம். பொறிகளை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றுமாறு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளைப் பணித்தது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேணினர். முடியும் நாளை முன்கூட்டியே அறிவித்தனர். வண்டி செய்து கொடுத்த தச்சர் ஆயுள் முழுதும் வந்து செப்பனிட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. ஏனெனில் அவ்வண்டியை வேறெந்தத் தச்சரும் செப்பனிடலாம். எக்ஸ்பியின் நிலை அதுவன்று. அதன் மூலநிரல் பூட்டப்பட்டது. பிறர் திருத்த வழியில்லை. லினக்ஸின் மூலநிரலோ எல்லார்க்கும் திறந்தது. ஒருவர் விட்ட பதிப்பை மற்றொருவர் ஏற்றுப் பேண இயலும். எனவே கடமை படைத்ததனால் மட்டும் வருவதன்று, பூட்டியதனாலும் வருவது.

திறந்துவிட்டால் திருடர்க்கும் வழி தெரியுமே என்பர். உண்மையே. ஆனால் பூட்டியிருந்தபோதும் திருடர் வந்தனர்; வர இயலாமற் போனவர் தச்சர் மட்டுமே.

இது பழங்கதையன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. வீட்டுப் பயனாளர்க்கு நிபந்தனைகளுடன் மேலும் ஓராண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் இல்லாத பொறிகள் பல. சிறுகச் சேர்த்த பணத்தில் பிள்ளையின் படிப்புக்காக ஒரு குடும்பம் வாங்கிய பொறி, உறுப்பொன்றும் கெடாமலே பயனற்றதென ஒதுக்கப்படுவது எவ்வகை நீதி?

நமக்கும் கடமை உண்டு. கிடைக்கும் திருத்தத்தைச் சோம்பலால் ஏற்காதவர் தமக்கு மட்டும் தீங்கு தேடுவதில்லை. அவர் பொறி வழியே அயலார் பொறிக்கும் தீங்கு பரவுகிறது. ஆயினும், மாற்ற வசதியற்றவரையும் மாற்ற மனமற்றவரையும் ஒன்றாக எண்ணுதல் தகாது. பூட்டி வைத்திருக்கும்வரை பேணுதல், பேண மனமில்லையேல் பேணுவோர்க்குத் திறந்து விடுதல் என்னும் இரண்டில் ஒன்றைச் செய்வதே படைத்தவர்க்கு அறமாகும்.