முத்து தீர்ந்தது, மனம் திருந்தியதா?

மன்னார்க் கரையிலே, அரிப்பு என்னும் ஊரிலே, கடலை நோக்கி நிற்கிறது ஒரு மாளிகையின் எலும்புக்கூடு. 1798 முதல் 1805 வரை இலங்கையை ஆண்ட ஆங்கில ஆளுநர் பிரடெரிக் நார்த் கட்டியது. எதற்கு? முத்துக்குளிப்பை மேற்பார்வையிட! சென்ற கோடையில் அதைக் கண்டேன். கூரை இல்லை, எஞ்சிய சுவரையும் கடல் கரைத்துக்கொண்டிருக்கிறது. உடன் வந்த நண்பர், "எவ்வளவு அமைதி!" என்று வியந்தார். அந்த அமைதி எப்படி வந்தது என்பதே நம் கேள்வி.

1905ஆம் ஆண்டு. அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியிலே, வெறும் மணல்வெளியில் ஒரு நகரமே முளைத்தது. தமிழகக் கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்த குளியாட்கள், கல்லின் கனத்தால் கடலடி சென்று, ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பி வாரினர். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூச்சை அடகு வைத்தவனுக்கு ஒரு பங்கு! அந்த ஓராண்டில் வாரிய சிப்பிகள் ஏறத்தாழ எட்டுக் கோடி. அவற்றைக் குவித்து அழுகவிட்டு, கழுவிச் சலித்து, மிஞ்சிய முத்தைப் பொறுக்கினர். அந்த நாற்றத்தை எந்த அரசி கழுத்திலே உணர்ந்தாள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன மந்திரவாதிக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவனுக்குப் பணி கொடுத்தது, விஞ்ஞானம் படித்த வெள்ளை அரசு! மந்திரத்தை நம்பியா? அல்ல. அவன் இல்லாவிட்டால் குளியாள் இறங்கமாட்டான். குளியாள் இறங்காவிட்டால் கருவூலம் நிறையாது. அச்சத்தைப் போக்குவதைவிட அச்சத்துக்குக் கூலி கொடுப்பது மலிவு. சந்திரனுக்கு முத்து மோதிரம் அணியச் சொல்லும் சோதிடரை எங்கள் குச்சனூரிலும் காணலாம். கடல்கட்டிக்கு இவர் தம்பி.

1906இல் லண்டன் குழுமம் ஒன்று இருபதாண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் வாரச் சிப்பி இல்லை. 1925இல் மீண்டும் குளித்தனர். பழைய வளம் திரும்பவில்லை. நீரோட்டமும் திருக்கை மீனும் காரணம் என்பர். இருக்கட்டும். பேராசை மட்டும் நிரபராதியா?

தென் அட்லாண்டிக்கின் பனித்தீவு தெற்கு ஜார்ஜியாவிலும் இதே கதை. அங்கே கிரிட்விக்கன் என்னும் திமிங்கில நிலையம் 1904இல் தோன்றி, 1960களின் நடுவிலே மூடப்பட்டது. அத்தீவின் நிலையங்களில் வெட்டுண்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 1,75,000. எண்ணெய் காய்ச்சிய கொதிகலன்கள் இன்று துருப்பிடித்துக் கிடக்கின்றன. இரக்கமா கதவை மூடியது? இல்லை, பஞ்சம்! வணிக வேட்டைக்கு உலகத் தடை நடைமுறைக்கு வந்ததோ 1986இல்.

"தீர்ந்து நின்றாலென்ன, திருந்தி நின்றாலென்ன? நின்றது நின்றதுதானே?" என்பர் சிலர். இல்லை, தோழர்களே! தீர்ந்ததால் நின்ற கை, அடுத்த கடலைத் தேடும். வடகடலில் திமிங்கிலம் அருகியதால்தானே வேட்டைக்காரர் தென்கடலுக்குப் படையெடுத்தனர்! காவல் வந்த பின்னரோ, அதே தீவருகே கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் மீண்டும் மூச்செறிகின்றன.

எங்கள் பள்ளத்தாக்கிலே முல்லையாற்று மணலும் ஆழ்துளைக் கிணற்று நீரும் இன்னும் முற்றிலும் தீரவில்லை. அளவோடு நிறுத்துவோம் என்றால், "இருக்கும்போது எடுக்காமல் எப்போது எடுப்பது?" என்று ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கேட்கிறார்கள்.