சார்லற் லூக்காஸ் செய்த குற்றம் யாது?

ஜேன் ஒஸ்ரின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், தற்பெருமையும் அறியாமையும் ஒருங்கே கொண்ட கொலின்ஸ் என்னும் பாதிரியாரை மணக்கக் கதாநாயகி எலிசபெத் மறுத்துவிடுகிறாள். மூன்று நாட்களுக்குள் அவர் வேறொரு பெண்ணிடம் மணம் பேசுகிறார். எலிசபெத்தின் உற்ற தோழியான சார்லற் லூக்காஸ் அவரை ஏற்றுக்கொள்கிறாள். மனச்சான்றைக் காத்தவள் எலிசபெத், வீட்டுக்கும் வருவாய்க்குமாகத் தன்னை விற்றவள் சார்லற் என்பதே வகுப்பறைகளில் நாம் பெரும்பாலும் வழங்கிவரும் தீர்ப்பு. அது நியாயமான தீர்ப்புத்தானா?

சார்லற்றுக்கு வயது 27. அழகி என்று பெயரெடுத்தவளல்லள். சொல்லத்தக்க சீதனமும் இல்லை. அவளுடைய திருமணச் செய்தி கேட்டுச் சகோதரர்கள் ஆறுதலடைகின்றனர். முதுகன்னியாக அவள் இறக்கும்வரை தாங்கவேண்டி வருமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அவளுடைய வர்க்கத்துப் பெண்ணொருத்தி மதிப்பிழக்காது செய்யக்கூடிய தொழில், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு அதிகமில்லை. 1847இல் வெளிவந்த புரொன்ரியின் ‘ஜேன் எயர்’ நாவலில் அத்தகைய ஆசிரியைக்குக் கிடைக்கும் ஊதியம் ஆண்டுக்கு 30 பவுண்.

எலிசபெத்தின் நிலையும் மேலானதன்று. தந்தை இறந்தால் குடும்பத்தின் நிலம் ஆண் உரிமையாளரான அதே கொலின்ஸையே சேரும். தாயின் மறைவுக்குப் பின் அவளுக்கு வரக்கூடியது 1000 பவுண். நான்கு வீத வட்டியில் ஆண்டுக்கு 40 பவுண். அவளை மணக்க விரும்பும் டார்சியின் ஆண்டு வருமானமோ 10,000 பவுண்! மணமான பெண் தன் உழைப்பின் ஊதியத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை இங்கிலாந்தின் சட்டம் 1870இலேதான் ஏற்றது. தன் சொத்தைத் தானே ஆளும் உரிமைக்கு அவள் 1882 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலையில், காதலா பணமா என்ற வினா எங்கிருந்து எழுகிறது? பெண்ணின் பேராசையிலிருந்து என்பது மேலோட்டமான விடை. அவளுக்கென ஒரு வாழ்வூதியத்தை மறுத்துவிட்டு, ஆணின் உடைமையிலேயே அவளைத் தங்கியிருக்கச் செய்த சமூகமே இவ்வினாவை அவள்முன் வைக்கிறது. எலிசபெத்தும் இதில் தடுமாறுகிறாள். தன்னோடு நெருங்கிப் பழகிய விக்கம், 10,000 பவுண் மரபுரிமை பெற்ற பெண்ணொருத்தியை நாடிச் செல்கையில் அவள் அதை மன்னித்துவிடுகிறாள். சார்லற்றையோ மன்னிக்க அவளால் இயலவில்லை. ஆணிடத்தில் விவேகமெனப்படுவது பெண்ணிடத்தில் இழிவாகிவிடுகிறது. இம்முரண்பாட்டை ஒஸ்ரின் மறைக்கவில்லை.

அவ்வாறாயின் சார்லற் செய்தது சரியென்று கூறிவிடலாமா? அவ்வாறு கூறவும் நாம் ஒருப்படோம். மணமான பின் அவள், பின்புறத்திலுள்ள வசதி குறைந்த அறையையே தன் இருப்பிடமாகத் தெரிந்தெடுக்கிறாள். கணவர் அங்கு அடிக்கடி வரமாட்டார் என்பதே காரணம். தோட்ட வேலை உடலுக்கு நல்லதென்று அவரை ஊக்குவிக்கிறாள். கணவனிடமிருந்து மணித்தியாலக் கணக்கில் விடுதலை தேடும் இவ்வாழ்வு, பாதுகாப்புக்கு அவள் கொடுத்த விலை. ‘சூழ்நிலை அப்படி’ என்று மட்டும் சொல்லி அமைவோர், அச்சூழ்நிலையோடு சமாதானம் செய்துகொள்பவராவர்.

மறுத்தலுக்கும் விலையுண்டு. 1802ஆம் ஆண்டு டிசெம்பரில், பெருநில வாரிசான ஹரிஸ் பிக்-விதரை மணக்க இசைந்த ஒஸ்ரின், மறுநாட் காலையிலேயே தம் சொல்லை மீட்டுக்கொண்டார். 1805இல் தந்தை இறந்தபின் அவரும் தாயும் தமக்கையும் சகோதரர்களின் உதவியிலேயே பெரிதும் தங்கி வாழ நேர்ந்தது. நாம் இன்றும் விரும்பிப் படிக்கும் இந்நாவலின் உரிமையை அவர் 110 பவுணுக்கு விற்றார். காதலை மட்டும் நம்பிய மணத்தையும் அவர் போற்றிப் பாடவில்லை. 1814இல் வந்த ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில், வசதியற்ற கடற்படை வீரனை விரும்பி மணந்த தாயொருத்தியின் இரைச்சலும் நெருக்கடியும் மிக்க போர்ட்ஸ்மத் வீட்டை அவர் இரக்கமின்றியே காட்டுகிறார்.

ஆயினும் எலிசபெத்துக்குக் காதலும் 10,000 பவுணும் ஒருங்கே கிடைத்துவிடுகின்றன. இங்கே முரண்பாடு தீர்க்கப்படவில்லை, நற்பேற்றினால் மூடப்படுகிறது. ‘ஜேன் எயர்’ ஓரடி முன்செல்கிறது. சிறிய தந்தையின் 20,000 பவுணை மைத்துனர் மூவரோடு சமமாகப் பங்கிட்டு, 5000 பவுணுக்கு உரியவளான பின்னரே ஜேன் தன் காதலனிடம் திரும்புகிறாள். எவர் தயவிலும் தங்கியிராத பெண்ணாகவே அவள் காதலிக்க விரும்பினாள். ஆனால் அதே நாவலில், காதலனின் முதல் மனைவி கொண்டுவந்த 30,000 பவுண் ஜமேக்காத் தோட்ட முதலாளியின் செல்வமென்பதையும், அத்தோட்டங்களில் உழைத்தவர் அடிமைகளென்பதையும் நாம் மறத்தலாகாது. காதற் கதையின் பின்னாலும் கணக்கேடு ஒன்று விரிந்து கிடக்கிறது.

சொத்துப் பற்றிய கருத்துகள் மணத்திலிருந்து நீங்கும்போதே மணம் முழுச் சுதந்திரமுடையதாகும் என்று ஏங்கல்ஸ் 1884இல் எழுதினார். ஒஸ்ரின் அம்முடிவுக்கு வந்தவரல்லர். எனினும் அதற்கு வேண்டிய சான்றுகளை நேர்மையோடு எழுதி வைத்துச் சென்றார். ஆகவே, சார்லற்றின் குணநலனை ஆராயுமாறு மாணவரைக் கேட்கும் ஆசிரியர்களாகிய நாம், இன்னுமொரு வினாவையும் சேர்த்துக் கேட்போமாக: தன் கையால் உழைத்துத் தன் காலில் நிற்க அவளுக்கு வழியிருந்திருப்பின், கொலின்ஸுக்கு அவள் என்ன விடை கூறியிருப்பாள்?