பூட்டைத் திறக்கும் உரிமை

திரையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். வந்து பாஸ்வேர்டைத் தட்டினால் திறக்கிறது. இதில் அறச்சிக்கல் எங்கே வந்தது என்று கேட்கலாம். அந்தப் பூட்டு நிரலின் உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும்.

லினக்ஸில் என் பாஸ்வேர்டின் ஹேஷ், ஷேடோ என்ற கோப்பில் கிடக்கிறது. அதை நான் படிக்க முடியாது. நான் நான்தான் என்று நிரூபிக்கவே என்னைவிட அதிகாரம் கொண்ட ஒருவர் வேண்டும்! அதனால் அந்தக் காலத்துப் பூட்டு நிரல்களுக்கு ரூட் அதிகாரம் கொடுத்தார்கள். ஹேஷை வாங்கிக்கொண்டு உடனே அதிகாரத்தைத் துறந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். துறக்க மறந்தால், திரையில் பட்டாம்பூச்சி வரைகிற நிரல் ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதிலும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. சன் நிறுவனத்தில் பிறந்த 'பேம்' முறையை லினக்ஸ் எடுத்துக்கொண்டது. ஓபன்பிஎஸ்டி அதைச் சேர்க்கவில்லை, தனக்கென்று வேறு முறை வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஓட வேண்டிய நிரல் எல்லோருடைய சம்பிரதாயத்தையும் கற்க வேண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் ஒன்றுபோல இருக்கிறது: அதிகாரத்தை ஒரு குட்டி உதவி நிரலிடம் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரி, தப்பு என்று மட்டும் சொல்லும். லினக்ஸில் இருப்பது இன்னும் கறார். சாதாரணப் பயனர் தன்னைப் பற்றி மட்டுமே அதனிடம் கேட்கலாம், பக்கத்து ஆளைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்காது. நான் பார்த்த அதிகாரிகளில் இவ்வளவு அடக்கமானவர் குறைவு.

ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் வெளியிட்ட எக்ஸ்ஸ்கிரீன்சேவரிலும், 2021இல் வந்த ஆறாம் பதிப்பில், படம் வரைவதும் பாஸ்வேர்ட் கேட்பதும் தனித்தனி நிரல்கள் ஆகிவிட்டன.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அதே எக்ஸ்ஸ்கிரீன்சேவரில், ரூட் பாஸ்வேர்டைப் போட்டும் உங்கள் திரையைத் திறக்கலாம் என்றொரு வசதி உண்டு. பொது லேபில் ஒருத்தர் மெஷினைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால் நிர்வாகி திறந்துவிடலாம். நியாயமாகத்தான் தெரிகிறது. "ரூட் நினைத்தால் பூட்டு நிரலையே கொன்றுவிடலாமே, அப்புறம் என்ன?" என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான், பழைய எக்ஸ் சர்வரில் பூட்டு செத்தால் திரை திறந்துகொள்ளும். ஆனால் முடியும் என்பது வேறு, அதற்கென்று ஒரு கட்டம் போட்டு வைப்பது வேறு. கொல்வதற்கு ஒருவர் மெனக்கெட வேண்டும், தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரியும். கட்டத்தில் தட்டுவது பழகிப்போகும். திறந்ததும் அவர் முன்னால் விரிவது காலி மேஜை இல்லை, என் பாதி எழுதிய மெயில்.

அதே பூட்டுத்திரையில் 'புதிய லாகின்' என்று ஒரு பட்டனும் வைக்கலாம். என் அறை பூட்டியபடியே இருக்க, அடுத்தவருக்கு வேறொரு அறை. மெமரி கொஞ்சம் செலவாகும். அதைவிட ரீபூட் செய்வதே மேல் என்பவர்கள், நான் மூன்று நாளாக ஓடவிட்டிருக்கும் கணக்கை என்ன செய்வார்கள் என்று சொல்வதில்லை.